யம்தேனாக் காடும் கம்பிக் கூண்டும்: கோஃபின் கொண்டைக்கிளியின் இரு வாழ்க்கைகள்

வெள்ளைக் கொண்டைக்கிளிகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான கோஃபின் கொண்டைக்கிளி, இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்தில் உள்ள தனிம்பார் தீவுகளை மட்டுமே தாயகமாகக் கொண்டது. ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 300 கிராம் எடையும் உள்ள இப்பறவைக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே மட்டும் வெளிர் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். சிறகை விரித்தால் அடிப்பக்கம் மஞ்சளாகத் தெரியும். இதன் அறிவியல் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பழைய பெயருக்கு ஆதாரமாக வைத்திருந்த மாதிரிகள் சாலமன் தீவுகளின் வேறொரு கொண்டைக்கிளியுடையவை என்று பின்னர் தெரியவந்ததால், 2004-இல் இதற்கு ககாட்டுவா கோஃபினியானா என்று புதிதாகப் பெயரிட வேண்டியதாயிற்று.

காட்டில் வாழும் பறவைக்கும் கூண்டில் வாழும் பறவைக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் பாதுகாப்பு, ஆயுள் என்ற கணக்கில் பார்க்கிறார்கள். பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்ப்பதே பொருத்தமானது என்பது என் எண்ணம். தனிம்பாரின் பெரிய தீவான யம்தேனாவில் இக்கிளிகள் பழம், விதை, கிழங்கு, இளந்தேங்காய் எனப் பலவற்றைத் தேடி உண்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஓட்டுக்குள்ளோ நாருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ மறைந்திருப்பவை. ஒவ்வொரு வாய்க்கும் உடைக்கவும் கிழிக்கவும் தோண்டவும் வேண்டியிருப்பதால், உண்பதே அங்கே ஒரு முழுநேர வேலை.

கூண்டில் அந்த வேலை இல்லை. கிண்ணத்தில் வைத்த தீனி சில நிமிடங்களில் தீர்ந்துவிட, பகல் முழுவதும் மீதியாகக் கிடக்கிறது. அந்த மீதி நேரத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஆஸ்திரியாவில் உள்ள ஆய்வுக்கூடம் நல்ல சாட்சி. அங்கே கூட்டமாக வளர்ந்த பிகாரோ என்ற ஆண் கிளி, விளையாடிய கல் கம்பிக்கு அப்பால் விழுந்துவிட, ஒரு குச்சியைக் கொண்டுவந்து அதை எடுக்க முயன்றது. ஆய்வாளர்கள் கல்லுக்குப் பதிலாக முந்திரிப்பருப்பை வைத்தபோது, அது கூண்டின் மரச்சட்டத்திலிருந்தே நீளமான சிலாம்பு ஒன்றைக் கடித்துப் பெயர்த்துப் பருப்பை இழுத்துக்கொண்டது. 2012-இல் வெளியான இந்தச் செய்திக்கு அடுத்த ஆண்டு, பிபின் என்ற மற்றொரு கிளி ஊசி, திருகாணி, தாழ்ப்பாள் உள்ளிட்ட ஐந்து பூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, எவர் உதவியும் இன்றி, இரண்டு மணி நேரத்துக்குள் திறந்தது.

இவை மனிதர்களோடு பழகியதால் வந்த வித்தை என்று ஒதுக்கிவிடலாமா? காட்டில் நெடுநாள் கவனித்தும் கருவிப் பயன்பாடு கண்ணில் படாததால் அந்த ஐயம் நியாயமாகவே எழுந்தது. ஆனால் 2021-இல், யம்தேனாவில் ஆய்வுக்காகப் பிடித்துத் தற்காலிகமாக வைத்திருந்த காட்டுக் கிளிகளுள் இரண்டு, அரளிக் குடும்பத்துக் கடல்மாங்காயின் கொட்டையைத் திறக்க மூவகைக் குச்சிகளைச் செதுக்கிக்கொண்டதைக் கண்டார்கள். பிளவை அகலப்படுத்தத் தடித்த ஆப்பு ஒன்று, உறையைக் குத்திக் கிழிக்க மெல்லிய கூர்க்குச்சி ஒன்று, பருப்பைத் தோண்டி எடுக்கக் கரண்டிபோல் ஒன்று என வேலைக்குத் தக்க பிரிவு அதில் இருந்தது. அத்தனை கிளிகளில் இரண்டுக்குத்தான் அது கைவந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நேருக்கு நேரான ஒப்பீடு 2020-இல் வெளியானது. இருபது புதிர்ப் பெட்டிகளை அரைவட்டமாக அடுக்கி, ஆய்வுக்கூடக் கிளிகள் பதினொன்றையும் காட்டிலிருந்து பிடித்த எட்டையும் தனித்தனியே அவற்றின்முன் விட்டார்கள். காட்டுக் கிளிகளுள் பல பெட்டிகளை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஆர்வம் காட்டியவை ஆய்வுக்கூடத்துக் கிளிகளுக்கு நிகராகவே புதிர்களை அவிழ்த்தன. ஆக, கூண்டு அறிவைக் கூட்டவில்லை. மனிதர் செய்த பொருள்கள்மீது அக்கறையை மட்டுமே கூட்டியிருக்கிறது.

காடு சொர்க்கமல்ல. சோளத்தைத் தின்னும் கிளியை உழவர்கள் பகையாகவே பார்க்கிறார்கள், மரங்கள் வெட்டப்படும்போது முட்டையிடும் பொந்துகளும் போய்விடுகின்றன. 1980-களில் இவை பல்லாயிரக்கணக்கில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டன. 1992-இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்த பிறகே அந்தப் போக்கு அடங்கியது. இந்தியாவில் இதை வளர்ப்பவர்களும் இப்போது அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் பெரிய பறவைக்கூடத்தையும் ஒருவர் வீட்டு வரவேற்பறையின் கூண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. முன்னதில் கூட்டாளிகள் உண்டு, தினமும் புதுவேலை உண்டு. பின்னதில் ஒற்றைக் கிளி, அலுவலகம் போய்விடும் மனிதர், காலியான கிண்ணம். நாற்பது ஆண்டுகள்வரை வாழக்கூடிய ஒன்றுக்கு இது நீண்ட காத்திருப்பு. தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கி, தோல் தெரிய உட்கார்ந்திருக்கும் கோஃபின்கள் பெரும்பாலும் இத்தகைய கூண்டுகளில்தான் காணப்படுகின்றன. நாற்காலிக் காலைக் கடித்துச் சிலாம்பு சிலாம்பாக உரிக்கிறது என்று வளர்ப்பவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. பிகாரோ தன் கூண்டுச் சட்டத்தைக் கடித்ததும் அதே அலகால்தான். எதிரே ஒரு முந்திரிப்பருப்பு இருந்தது என்பதே வேறுபாடு.