பித்தப்பை ஒபரேஷன் வலிக்கு எந்தக் குளிசை கேட்கும்?

பித்தப்பையில் கல், கெமரா விட்டுத்தான் எடுக்கப் போகிறார்கள், பிறகு வலி தாங்குமா, என்ன குளிசை தருவார்கள் என்று ஹட்டன் பக்கத்தில் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குக் கண்டியில் அதைத்தான் செய்தார்கள். போட்ட குளிசைகளையும் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலிடம் பனடோலுக்குத்தான். "இவ்வளவு பெரிய ஒபரேஷனுக்குப் பனடோலா?" என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் வலி வந்த பிறகு ஒன்று இரண்டு என்று போடுவதற்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம் குளிசை இரண்டு என்று நேரத்துக்குப் போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது, அதுதான் 4 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும், அளவை டொக்டரிடம் கேளுங்கள். தடிமனுக்கு விற்கும் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்கவேணும். பெட்டியில் பனடோல் என்று போட்டிருந்தாலும் ஒசுசல என்ற அரச மருந்துக்கடையில் பரசிட்டமோல் என்று வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான், கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பனடோல் மட்டும் முதல் நாளுக்குப் போதாது. அதோடு வீக்கத்தைக் குறைக்கும் குளிசை ஒன்று சேர வேண்டும். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், சேர்த்துப் போடும்போது தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கிறது. இந்த ஒபரேஷனுக்கென்றே வெளிவந்த புரொஸ்பெக்ட் என்ற சர்வதேச வழிகாட்டலும் இந்தச் சோடியைத்தான் அடிப்படையாகச் சொல்கிறது. துளை போட்ட இடங்களில் விறைப்பு மருந்து ஏற்றுவதையும் சொல்கிறது. ஒபரேஷனுக்கு முன்பே அதைப் பற்றி டொக்டரிடம் கேட்டுவையுங்கள், முதல் சில மணித்தியாலங்களுக்கு அது பெரிய உதவி.

அந்த இரண்டாவது குளிசை எது என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். வலியைப் பிடிப்பதில் டைக்குளோபெனாக் கெட்டிக்காரன். வாந்தி வருகிற முதல் இரவில் பின்பக்கம் வைக்கிற மருந்தாகவும் கொடுக்கலாம், வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அப்படி வைத்தாலும் அது இரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது, அதனால் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து இல்லாமல் போகாது. இதய நோய் உள்ளவர்களுக்கும் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் இது கூடாது. இபுபுரூபன் கொஞ்சம் மென்மையானது, சாப்பிட்ட பிறகு போட்டால் பலருக்கு ஒத்துவரும். காலையில் வெறும் வயிற்றில் சாயத் தண்ணியோடு இதைப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், ஒரு ரொட்டித் துண்டாவது சாப்பிடுங்கள். செலிகொக்சிப் வயிற்றுக்கு இவற்றைவிடச் சாந்தம், இரத்தம் உறைவதையும் பெரிதாகக் கெடுக்காது. எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது அதுதான். பல் வலிக்கு வாங்குகிற மெபனமிக் அசிட்டை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பித்தப்பை போன பிறகு சிலருக்கு வயிறு இளகிப் போகும், அந்தக் குளிசைக்கும் வயிற்றோட்டம் வருகிற குணம் உண்டு.

ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, பிரஷருக்கு லொசாட்டன் மாதிரிக் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம், இதில் ஒன்று இருந்தாலும் இந்த இரண்டாவது வகையை டொக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. நம் பக்கத்தில் வயதானவர்கள் பிரஷர் குளிசை போடுவதை ஒரு வருத்தமாகவே கணக்கெடுப்பதில்லை, கேட்டால் "வருத்தம் ஒன்றும் இல்லை" என்பார்கள். கூடப் போகிறவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ட்ரமடோல் போல அபின் வகை மருந்துகளும் வலிக்குக் கேட்கும்தான், ஆனால் தலைசுற்றும், குமட்டும், மலச்சிக்கல் வரும். தையல் போட்ட வயிற்றோடு முக்குவது என்ன வேதனை என்று பட்டவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன சோடி போதாத நேரத்துக்கு மட்டும் அது இருக்கட்டும்.

அப்புறம் தோள் வலி. வயிற்றில் ஒபரேஷன் செய்துவிட்டு வலது தோள் ஏன் குத்துகிறது என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். வயிற்றை உப்பவைக்க ஏற்றும் காபனீரொட்சைட்டு வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது, அதன் நரம்பின் வழியாக வலி தோளில் தெரிகிறது. தோளில் எந்தப் பழுதும் இல்லை. சித்தாலேப பூசினால் சூடாக இதமாக இருக்கும், அவ்வளவுதான். மெதுவாக எழுந்து நடப்பது நல்லது, வாயு உடம்பில் உறிஞ்சப்பட்டு இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ குளிசையைக் கூட்டிப் போட்டு அடக்கப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிஞ்சிய டைக்குளோபெனாக், இபுபுரூபன் குளிசைகளை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் எடுத்துக் கொடுக்காதீர்கள், டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கு வரும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான்.