முற்றிய மெலனோமா: தடுப்பூசியும் அதன் போட்டிச் சிகிச்சைகளும்

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்தில் செருப்பில்லாமல் நிலத்தில் நடந்து பழகியவர்களின் உள்ளங்காலில் கறுப்பாக ஏதேனும் தோன்றினால், அதைக் கால் ஆணி என்று எண்ணி, மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கொள்வதுண்டு. ஆறாத புண்ணோடு தொடை இடுக்கில் நெறியும் கட்டிய பிறகு வேலூருக்கு வந்து, பரவிய மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய், என்று தெரிந்துகொள்ளும் குடும்பத்தில், கைப்பேசியில் தேடிப் பார்த்த பிள்ளை முதலில் கேட்பது இதுதான்: "இதற்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே?"

வந்திருக்கும் செய்தி பொய்யன்று. மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிவரும் எம்.ஆர்.என்.ஏ. ஊசி, வருமுன் காக்கும் அம்மைத் தடுப்பூசி போன்றதன்று. நோயாளியின் கட்டியையும் இரத்தத்தையும் மரபணு அளவில் ஒப்பிட்டு, கட்டிக்கு மட்டுமே உரிய புரத மாற்றங்களில் 34 வரை தேர்ந்தெடுத்து, அவர் ஒருவருக்காகவே தயாரிக்கப்படுவது. 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும்) மருந்து மட்டும் பெற்றவர்களில் 18 மாதங்களில் நோய் திரும்பாமலிருந்தவர்கள் 62 சதவீதம். ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 சதவீதம். ஆனால் அந்த 157 பேரும் கட்டி முழுவதும் அறுவையால் அகற்றப்பட்டவர்கள். ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி நிற்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது தவறான நம்பிக்கை தருவதாகும்.

பரவிய நோயில் தடுப்பூசிகளின் பழைய கதை இன்னும் கசப்பானது. 2010இல் வெளியான 676 பேர் ஆய்வில் மெலனோமா செல்களின் ஒரு புரதத்தைக் குறிவைக்கும் ஜி.பி.100 தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 6.4 மாதங்கள், இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 10.1, இரண்டும் பெற்றவர்களுக்கு 10.0. தடுப்பூசி சேர்ந்ததால் எந்த ஆதாயமும் இல்லை.

எனவே முற்றிய நிலையில் உரைகல்லாக நிற்பது, நோயெதிர்ப்புச் செல்களின் பிரேக்கை விடுவிக்கும் இம்யூனோதெரபி மருந்துகளே. நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் பத்தாண்டுக்குப் பின்னும் 43 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். நிவோலுமாப் மட்டும் என்றால் 37, இபிலிமுமாப் மட்டும் என்றால் 19. கூட்டு மருந்துக்கு விலையும் உண்டு, பணத்தில் மட்டுமன்று: பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடலழற்சி, ஈரல் அழற்சி போன்ற கடும் பக்கவிளைவுகள் வந்தன. வயதான, தனியே கிராமத்தில் வாழும் நோயாளிக்கு நான் ஒற்றை மருந்தையே முதலில் யோசிப்பேன். நள்ளிரவில் வயிற்றுப்போக்கு மிகும்போது வேலூர் வந்து சேரும் வழியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கட்டிக்குள் செலுத்தும் டி-வெக் என்ற மாற்றியமைத்த ஹெர்பீஸ் வைரஸ், 2015 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலில் எட்டும் கட்டிகளுக்கே பெரிதும் உதவும். நோயாளியின் கட்டியிலிருந்தே எடுத்த டி-செல்களை (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) பெருக்கித் திருப்பிச் செலுத்தும் லைஃபிலூசெல், 2024 பிப்ரவரியில் அங்கே அனுமதி பெற்றது. பிற மருந்துகள் கைவிட்ட 73 பேரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்குக் கட்டி சுருங்கியது. ஆயினும் அதற்கு முன் தரப்படும் கடும் கீமோவைத் தாங்கும் உடல் வேண்டும்.

இவ்வளவிலும் நம்மவர்க்கான ஒரு வேறுபாடு அடிக்கடி விடுபடுகிறது. மேற்சொன்ன எண்கள் பெரும்பாலும் வெயிலால் தோலில் மரபணுச் சிதைவுகள் மிகுந்த வெள்ளையர்களிடம் எடுக்கப்பட்டவை. வெயில் படாத உள்ளங்கால் மெலனோமாவில் அத்தகைய மாற்றங்கள் குறைவு. ஆகவே இம்யூனோதெரபிக்கு அது குறைவாகவே இணங்குகிறது, தடுப்பூசி குறிவைப்பதற்கான புரதங்களும் அதில் குறைவாகவே கிடைக்கும். அதற்கு மாறாக, இவ்வகைக் கட்டிகளில் ஒரு சிறு பகுதியில் கே.ஐ.டி. மரபணு மாற்றம் காணப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் மாத்திரை அவர்களில் சிலருக்குப் பலன் தருகிறது. அம்மாத்திரை இங்கே ஜெனரிக்காக, இம்யூனோதெரபியோடு ஒப்பிட முடியாத மலிவில் கிடைக்கிறது. பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கும் தனி மாத்திரைகள் உண்டு.

ஆதலால் தடுப்பூசியைத் தேடுமுன், பயாப்சி பிளாக்கை (சோதனைக்கு எடுத்த திசுவை மெழுகில் பதித்த கட்டி) பத்திரப்படுத்தி, இவ்விரண்டு மரபணுச் சோதனைகளையும் செய்யச் சொல்லிக் கேட்பதே முதல் வேலை. தடுப்பூசி ஆய்வில் சேர விரும்பினால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்கமாட்டார்கள்.