முட்டிவலி அம்மாவோட கே.எல். ஆஸ்பத்திரிக்கு ரயில்ல: படி ஏறாம போக முடியுதா? ஒரு ரிவியூ

வயசானவங்கள கூட்டிக்கிட்டு மலேசியாவுல கே.எல். (கோலாலம்பூர்) பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில்லயே போகலாமா, எங்கயாச்சும் படி ஏறணுமான்னு எங்க தோட்டத்து ஆளுங்க நெறைய பேரு கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், எம்.ஆர்.டி.ங்கிற கே.எல். மெட்ரோ ரயிலுக்கு தாராளமா மார்க் போடலாம், ஆனா லிஃப்ட் இன்னிக்கு ஓடுதா இல்லியான்னு கெளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிற வசதிக்கு என்னால பாஸ் மார்க் கூட போட முடியல, எங்க ஊரு ரோட்டுக்கு மேல நிக்கிற பாலத்தப் பத்தி கடைசியில சொல்றேன்.

எங்க ஊரு பேராக்ல ஒரு பழைய எஸ்டேட் டவுன், ரப்பர் போயி இப்ப எங்க பாத்தாலும் செம்பனை. அம்மா கல்யாணம் ஆனதுல இருந்து தோட்டத்த மூடுற வரைக்கும் பால்மரம் வெட்டினவங்க, காண்டா கம்புல ரெண்டு பக்கமும் வாளி நெறைய பால தூக்கிக்கிட்டு மேடும் பள்ளமும் ஏறி எறங்கின முட்டி அது, இப்ப தேஞ்சு போச்சு. வீல்சேர் இல்ல, ஓ.கே.யு. கார்டும் (மாற்றுத்திறனாளி அட்டை) இல்ல, ஒரு கைத்தடி மட்டும்தான். இத ஏன் சொல்றேன்னா படி இல்லாத வழின்னாலே வீல்சேர்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்னு நெனைக்கிறாங்க, ஆனா நம்ம லயத்து வீடுகள்ல இருந்து வந்த அம்மா அப்பாவுங்கள்ல பாதிப் பேருக்கு மேல இதே முட்டிதான், எந்தக் கணக்குலயும் வராம செவுத்தப் பிடிச்சிக்கிட்டு நடக்குறாங்க.

போற வழி இதுதான். இ.டி.எஸ்.ங்கிற வெளியூர் கரண்டு ரயில பிடிச்சு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன். டபுள் டிராக்கும் கரண்டு ரயிலும் வந்தது பெரிய மாத்தம், முன்ன மெயில் ரயில் காலத்துல பிளாட்ஃபாரம் தாழ்வா இருக்கும், கம்பியப் பிடிச்சு இரும்புப் படியில தொத்தி ஏறணும், யாராச்சும் பின்னால இருந்து தள்ளி விடணும், இப்ப கதவும் பிளாட்ஃபாரமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கு, நடுவுல இருக்கிற சந்த மட்டும் பாத்து கால வச்சா போதும். கே.எல். சென்ட்ரல்ல எறங்கி லிஃப்ட்ல மேல வந்து முசியம் நெகாரா எம்.ஆர்.டி.க்கு நடக்கணும், நீளமான நடைபாதை, முட்டிவலி உள்ளவங்களுக்கு இந்தப் பயணத்துலயே கஷ்டமான தூரம் இதுதான், அவசரப்படாதீங்க, நின்னு நின்னு போங்க. அங்க காஜாங் பக்கம் போற ரயில்ல ஏறினா நாலாவது ஸ்டேஷன் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச். அங்க புத்ராஜெயா லைனுக்கு மாறணும், ஸ்டேஷன விட்டு வெளிய போக வேண்டாம், கார்ட மறுபடி தட்ட வேண்டாம், மேல கீழ போறதுக்கு உள்ளயே லிஃப்ட் இருக்கு. குவாசா டாமன்சாரா பக்கம் போற ரயில், அஞ்சாவது ஸ்டேஷன் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர். அந்த ஸ்டேஷன் 2023 மார்ச்லதான் தொறந்தாங்க, அதுக்கு முன்ன எறங்கின எடத்துல இருந்து டாக்சிக்கு ஒரு காசு அழணும். ஆஸ்பத்திரி வளாகம் பெருசு, ஸ்டேஷன விட்டு வந்த பெறகும் கொஞ்சம் நடை இருக்கு, எந்த பிளாக்னு அப்பாயின்மென்ட் கார்ட முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

எம்.ஆர்.டி. நல்லாருக்குன்னு சும்மா சொல்லல. ரயில் தரையும் பிளாட்ஃபாரமும் சமமா இருக்கு, தண்டவாளத்துப் பக்கம் கண்ணாடிக் கதவு இருக்கிறதால அம்மாவுக்கு பயமே இல்ல, கேட்ல ஒண்ணு அகலமா இருக்கு, தடியோட உடம்ப ஒடுக்காம போகலாம். எஸ்கலேட்டர் எவ்வளவு இருந்தாலும் நம்ம பாட்டிமாருங்களுக்கு ஆகாதுங்க, சேல கட்டிக்கிட்டு தடியும் பிடிச்சிக்கிட்டு ஓடுற படியில கால வைன்னா எப்படி வைப்பாங்க, "நீ போய்யா, நான் இங்கயே நிக்கிறேன்"னு அம்மா சொல்லிடுவாங்க. அவங்களுக்கு லிஃப்ட்தான் வழி, வேற வழியே கெடையாது. அதுலயும் ரோட்டுல இருந்து டிக்கெட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து பிளாட்ஃபாரத்துக்கு இன்னொரு லிஃப்ட்னுதான் பொதுவா கட்டியிருக்காங்க, அதனால போற வழியில ஆறு லிஃப்ட்ல ஏறி எறங்குறோம்னா அஞ்சு ஓடி ஒண்ணு நின்னா கூட மொத்தப் பயணமும் போச்சு.

அப்படி ஒரு நாள் ஆச்சு. ஆஸ்பத்திரி வழியில இல்ல, தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப வேற ஒரு ஸ்டேஷன்ல, எதுன்னு பேரு சொல்லல. லிஃப்ட் கதவுல 'ரோசாக்'னு, அதாவது பழுதுன்னு, ஒரு பேப்பர், ஓரமெல்லாம் மடங்கி மஞ்சளாயிருந்துச்சு, நேத்து ஒட்டின பேப்பர் இல்ல அது. சரின்னு அம்மா படியில ஏறினாங்க. பிசியோல சொல்லிக் கொடுத்திருக்காங்க, ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேத்து வச்சிட்டுத்தான் அடுத்தது. வலது கையில கம்பி, இடது கையில தடி. பாதியில நின்னு கம்பி மேல நெத்திய வச்சிக்கிட்டாங்க. பின்னால வந்த ஜனங்க சுத்திக்கிட்டுப் போறாங்க, யாரும் திட்டல, ஆனா அம்மா எல்லாருக்கும் "சாரிங்க, சாரிங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஏறினாங்க, எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. இதுல இன்னொண்ணு, மேல கடைசி ரெண்டு படி இருக்கும்போதே கைப்பிடிக் கம்பி முடிஞ்சிடுச்சு, அம்மாவோட கை காத்துல தேடுது. கைப்பிடிங்கிறது முதல் படிக்கு முன்னாலயே ஆரம்பிச்சு கடைசிப் படியத் தாண்டி கொஞ்சம் நீண்டு நிக்கணும், பாலன்ஸ் போறது அந்தக் கடைசி எடத்துலதான், நம்ம நாட்டு ஸ்டாண்டர்ட் எம்.எஸ். 1184-லயே இதெல்லாம் இருக்கு. கம்பிய வெட்டினவருக்கு அது ஒரு முழக் கம்பி, அம்மாவுக்கு அது விழுறதா நிக்கிறதாங்கிற கேள்வி.

கவுண்டர்ல கேட்டேன், "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி திரும்பி வந்திருக்கலாமே"ன்னாரு. தன்மையாத்தான் சொன்னாரு, ஆனா ரயில்ல ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சாத்தானே அப்படி செய்ய முடியும். விடியக்காலையில பசியாறாம கெளம்பி வர்ற எங்கள மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு எந்த ஸ்டேஷன்ல எந்த லிஃப்ட் நிக்குதுன்னு ஒரே எடத்துல போன்ல பாக்குற மாதிரி இருந்தா எவ்வளவோ உதவி, நான் தேடின அளவுக்கு கெடைக்கல.

வேற ஊர்ல எப்படின்னு பாருங்க. நம்ம பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி, லண்டன் அண்டர்கிரவுண்டு ரயிலுக்கும் சரியா 272 ஸ்டேஷன். அது 1863-ல ஆரம்பிச்ச ரயிலு, அதனால இன்னிக்கும் மூணுல ஒரு பங்கு ஸ்டேஷன்லதான் படி இல்லாம போக முடியும். ஆனா எந்த ஸ்டேஷன்ல படி இல்லன்னு தனி மேப்பே போட்டிருக்காங்க, எந்த லிஃப்ட் நின்னிருக்குன்னு நெட்ல சொல்லிடுறாங்க, 2022-ல தொறந்த எலிசபெத் லைன்ல 41 ஸ்டேஷனுக்கும் படி இல்லாம ரோட்டுல இருந்து பிளாட்ஃபாரம் வரைக்கும் போகலாம். நம்ம கே.எல்.ல 1996-ல எல்.ஆர்.டி.ங்கிற முதல் நகர ரயில் வந்தப்ப ஸ்டேஷன்கள்ல லிஃப்ட் வைக்காமத்தான் கட்டினாங்க, வீல்சேர்ல இருக்கிறவங்க தெருவுல எறங்கிப் போராட வேண்டியதா போச்சு, லிஃப்ட் எல்லாம் பல வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. இன்னிக்கு எம்.ஆர்.டி.ல எங்கம்மா சொகமா போறாங்கன்னா அப்படிப் போராடினவங்க பட்ட பாடு அது, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. பத்துமலையில நேந்துக்கிட்டு ஏறுறோம், அந்த வலியில ஒரு திருப்தி இருக்கு, ஆனா மருந்து வாங்கப் போறவங்களுக்கு எதுக்குங்க படி?

2008-லயே ஓ.கே.யு. சட்டம் வந்துடுச்சு, சட்டம் 685, பொதுப் போக்குவரத்து எல்லாருக்கும் சமமா கெடைக்கணும்னு 27-வது பிரிவுல இருக்கு. மீறினா என்ன தண்டனைன்னுதான் அதுல எங்கயும் இல்ல.

இப்ப எங்க ஊரு பாலம். பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் கிளினிக்கும் பஸ் ஸ்டாப்பும், அந்தப் பக்கம் தமிழ்ப்பள்ளியும் கோயிலும், நடுவுல செம்பனை லாரி பறக்குது. நடக்குறவங்களுக்குன்னு ஒரு ஜெஜந்தாஸ் கட்டி வச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் செங்குத்தா படி, சரிவுப் பாதை கெடையாது. ஒரு அடி ஒசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் விடணும் சரிவுக்கு, லாரி போற ஒசரத்துக்கு அந்த மாதிரி சரிவு கட்ட எங்க எடமும் இல்ல, அத நானும் ஒத்துக்கிறேன். அதனாலதான் பெரியவங்க எல்லாரும் பாலத்துக்குக் கீழயே கையக் காட்டி லாரிய நிறுத்தி கடக்குறாங்க, பேரப்பிள்ளைய ஒரு கையில பிடிச்சிக்கிட்டு. கே.எல்.ல அவ்வளவு தூரம் படியே ஏறாம போயிட்டு வந்த அம்மா, பஸ்ஸ விட்டு எறங்கி கோயிலுக்குப் போக இந்த ரோட்டத்தான் தாண்டணும்.

எங்களுக்கு லிஃப்ட் வேணாம், எஸ்கலேட்டரும் வேணாம். தரையிலயே ஒரு வெள்ளக்கோடு, பட்டன் அமுக்கினா செவப்பு விழுற மாதிரி ஒரு லைட், அதுவும் பெரியவங்க நடந்து முடிக்கிற அளவுக்கு நேரம் வச்சு. மனு எழுதியாச்சு, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு கோயில் வாசல்ல கையெழுத்து வாங்குறோம், எங்க ஊரு ஆளுங்க இதப் படிச்சா மைகாட் (அடையாள அட்டை) நம்பரோட வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க, பெரியவங்கள ரோடு தாண்டி கூட்டிக்கிட்டு வர்றதுக்கு பசங்க ரெண்டு பக்கமும் நிப்பாங்க.