பழைய றொட்டுக்கு ஃபிளெக்ஸ் கோட் எபொக்சி: யாழ்ப்பாண வெக்கைக்கு ஏற்றதா?

அப்பாவோ அம்மப்பாவோ பாவித்த தூண்டில் றொட்டைத் திரும்பக் கடலுக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) ஓடும் புது வளையங்கள் அல்ல, நல்ல பூச்சு. வளையத்தைக் கட்டிய நூலின்மேல் பூசுவதற்கு ஃபிளெக்ஸ் கோட் என்ற அமெரிக்க எபொக்சியை (இரண்டு போத்தலாக வரும், கலந்தால் இறுகும் பிசின்) தயக்கமில்லாமல் சொல்லலாம். ஹாட்வெயார் கடையில் விற்கும் ஐந்து நிமிட எபொக்சி இதற்குச் சரிவராது. அது விறைத்துக் காயும். றொட் வளையும்போது வளையத்தின் காலடியில் வெடிக்கும், அந்த வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கும். ஃபிளெக்ஸ் கோட் காய்ந்த பிறகும் றொட்டோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும்.

லைட் பில்ட், ஹை பில்ட் என்று இரண்டு வகை உண்டு. பழைய றொட்டுக்கு லைட் பில்ட்டையே எடுங்கள். இரண்டு தரம் பூச வேண்டிவரும், ஆனால் கட்டு மெல்லியதாக நிற்கும். ஹை பில்ட் ஒரே பூச்சில் உருண்டு தடித்துவிடும், முந்தி வார்னிஷ் பூசிய றொட்டின் முகமே மாறிப்போகும். ஒருவர் ஆசையாக வைத்திருந்த பொருளில் அந்த முகம்தானே மிச்சம்.

பூச்சுக்குப் பணம் கொடுக்க முன் றொட்டைப் பாருங்கள். சிறு பஞ்சுத் துண்டை வளையத்தின் உட்பக்கம் சுற்றிவர இழுத்தால், தங்கூசி அறுத்த தடம் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். அந்த வளையத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றவை இருக்கட்டும். வளையத்தின் கால் உடைந்திருந்தால் எறிய வேண்டாம். கன்னாதிட்டிப் பக்கம் நகை வேலை செய்கிறவர்கள் வெள்ளிப் பற்று வைத்து ஒட்டிவிடுவார்கள். அதே பஞ்சைத் தண்டு நெடுக இழுங்கள். கண்ணாடி நார் கிளம்பிய இடம் தெரியவரும். தண்டில் குறுக்கே வெடிப்பு இருந்தால் எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. பழைய தண்டுகளில் சுருள் சுருளாக மெல்லிய வரி தெரிவதுண்டு. அது தேய்மானம் இல்லை, தண்டைச் சூளையில் வைக்க முன் சுற்றிய நாடாவின் அடையாளம். அழுக்கென்று நினைத்து சாண்ட் பேப்பர் போட்டால் மேல் நார் அறும்.

வளையங்களைக் கழற்ற முன் ஒவ்வொன்றின் இடத்தையும் மாஸ்கிங் ரேப் ஒட்டி பென்சிலால் குறியுங்கள். பிளேட்டை வளையத்தின் இரும்புக் காலுக்கு மேலே வைத்துத்தான் நூலை வெட்ட வேண்டும். தண்டின்மேல் வைத்து வெட்டினால் அந்தக் கீறலில்தான் பிறகு றொட் முறியும். மிச்சப் பூச்சை ஹெயார் ட்ரையரால் இளக்கி, கத்தியின் முதுகால் சுரண்டலாம். தின்னர், அசிற்றோன் வேண்டாம், தண்டின் பழைய பெயின்ற் கரைந்துவிடும். நுனி வளையம் பெரும்பாலும் சூட்டில் இளகும் பசையால் ஒட்டியது. லைற்றரை இரும்புக் குழாயில் மட்டும் சில விநாடி காட்டி நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம். புதிதாக வாங்கும்போது நுனி வளையக் குழாயின் அளவு அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக் கணக்கில் இருக்கும்: 6 என்றால் 6/64 அங்குலம், ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர்.

கட்டும் நைலோன் நூலில் மெல்லிய றொட்டுக்கு ஏ அளவு, பாரை பிடிக்கும் தடித்த றொட்டுக்கு டி அளவு. வளையக் காலின் நுனியை அரத்தால் கத்தி முனைபோல மெலிதாக்குங்கள். மொட்டையாக விட்டால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும், அங்கே காற்றுக் குமிழி தங்கும். காலுக்கு 5 மில்லிமீற்றர் முன்னால் தண்டில் கட்டைத் தொடங்கி, நூலின் தலைப்பை அதன் சுற்றுகளாலேயே அமுக்க வேண்டும். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு அடியில் மடித்த வேறொரு நூலின் கண்ணியை வைத்துச் சுற்றி, முனையை அதில் கோத்து உள்ளே இழுத்து வெட்டுங்கள். பெருவிரலால் தள்ளினால் வளையம் மெல்ல அசையும் அளவு இறுக்கம் போதும், நேர் பார்க்க அது வேண்டும். சாதாரண நைலோன் எபொக்சியில் நனைந்ததும் நிறம் கருத்து, அடியில் இருக்கும் கால் தெரியும். பழைய சிவப்பு அப்படியே இருக்க வேண்டுமென்றால் நிறம் மாறாத வகை நூலைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் கலக்கும் இடத்தில். இரண்டு போத்தலிலும் இருந்து சரிசமமாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 3 மில்லிலீற்றருக்குக் குறையக் கூடாது. அந்த அளவில் 0.3 கூடினாலே பத்து வீதம் பிழை. அதனால் வருவது எந்நாளும் காயாத பிசுபிசுப்பு. பாமசியில் வாங்கும் சிரிஞ்சுகள் பலவற்றின் உள்ளே சிலிக்கன் எண்ணெய் தடவியிருக்கும், அது கலந்தால் பூச்சு ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். எபொக்சியோடு விற்கும் சிரிஞ்சையே பாவியுங்கள், ஒரு போத்தலுக்கு ஒன்று. மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, உடனே அலுமினியத் தாளில் பரப்புங்கள். கோப்பையில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே இறுகும். எங்கள் வெக்கையில் அது தண்ணியாகப் பரவும், ஆனால் விரைவாகத் தடிக்கும். கால் மணித்தியாலத்துக்குள் முடிக்கக்கூடிய வளையங்களை மட்டும் ஒரு தடவைக்கு எடுங்கள்.

பூசிய பிறகு றொட் படுத்தபடி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு அடியில் தொங்கும். பழுதான மைக்ரோவேவில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டர் நிமிடத்துக்கு 5, 6 சுற்று ஓடும், இதற்கு அதைவிட நல்லது கிடையாது. 220-240 வோல்ற் என்று எழுதியதையே எடுங்கள். சிலது 21 வோல்ற், நேரே மின்சாரம் கொடுத்தால் எரியும்.

காலத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பூசினால் ஈரம் பிடித்து மேலே பால்போல மங்கும். மாசி, பங்குனி நல்லது. சோளகக் காற்றுக் காலத்தில் பூசுவதென்றால் யன்னலைச் சாத்துங்கள், தூசி ஒட்டினால் எடுக்க முடியாது. காலையில் தொடங்குங்கள், இரவுப் பனிக்கு முன் மேற்பரப்பு இறுக வேண்டும்.

தக்கைக் கைப்பிடியைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி, குழிகளைத் தக்கைத் தூளும் மரப் பசையும் குழைத்து அடைத்தால் போதும். வார்னிஷ் பூசினால் ஈரக் கையில் வழுக்கும்.

இந்தப் பூச்சுக்கு ஒரு குறை உண்டு: எபொக்சி எதுவுமே வருடக்கணக்கில் வெயில் பட்டால் மஞ்சளாகும். பாவிக்காத நேரம் நிழலில் வையுங்கள். பூசிய பிறகு 24 மணித்தியாலம் தொடாமல் விட்டு, ஒரு கிழமை கழித்தே பண்ணைப் பாலத்துக்குக் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில், முக்கியமாக வளையங்களின் அடியில், கழுவுங்கள்.