பதினாறு வயதில் டாட்டூவா, மருதாணியா?

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குள் மணிக்கட்டில் சின்னதாக ஒரு நங்கூரம் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் முன்கையில் டாட்டூ இருப்பதால் மாமா மறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கை இருப்பதால்தான் நான் மருதாணிக்கு வாக்களித்தேன்.

திருவிழாக் கூட்டத்திலும் கடற்கரையிலும் குத்திக்கொள்வது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியும் தொட்ட மையும் அடுத்தவருக்கும் போனால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் கூடவே போகலாம். பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாட்கள் தாங்கும். பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை.

நாகர்கோவிலில் நான் போன கடை சுத்தமானது. ஊசி உறையை என் கண் முன்னால் கிழித்தார்கள். மையைச் சிறு குப்பியில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டினார்கள். சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஊசி இறங்குவது தோலின் இரண்டாம் அடுக்கு வரை. அதாவது, காசு கொடுத்து வாங்கிய காயம். முதல் சில நாட்கள் மையோடு நீர் கசிந்து சட்டையில் ஒட்டும். பிறகு பொருக்குத் தட்டும், அரிக்கும், சொறியக் கூடாது. மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வெயில் படக்கூடாது, கடல், குளம், அருவி எதிலும் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமிகள் திறந்த காயத்தில் புகுந்தால் ஆபத்து; ஈரல் நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஞாயிறு தவறாமல் சொத்தவிளைக் கடற்கரைக்கும், லீவு விட்டால் திற்பரப்பு அருவிக்கும் ஓடுகிற பெண் ஒரு மாதம் கரையில் உட்கார்ந்திருப்பாளா? நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவளுக்கு நெரிசல் பஸ், வியர்த்த சீருடை, விளையாட்டு வகுப்பு எல்லாம் உண்டு. சிவப்பு பரவி, சீழ் கட்டி, காய்ச்சல் வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். காது குத்திய இடத்தில் தடித்த தழும்பு வளர்கிற குடும்பம் எங்களுடையது என்பது வேறு.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கு அதில் அனுபவம் இல்லை; ஒரே தடவையில் முடியாது, சில நிறங்கள் முழுதாகப் போகாது என்பது மட்டும் தெரியும்.

மருதாணிக்கு ஓர் இரவு போதும். காலையில் ஆரஞ்சாகத் தெரியும், ஓரிரு நாளில் செம்பழுப்பாகும், இரண்டு வாரத்தில் மங்கிவிடும். மறுநாளே கடலில் குதிக்கலாம். நங்கூரத்தின் கோடுகள் டாட்டூ அளவுக்குக் கூர்மையாக வரவில்லை, கல்யாண வீட்டுக் கை போலிருக்கிறது என்று அவளுக்குக் குறை. நியாயமான குறைதான்.

அதற்காகக் கறுப்பு மருதாணிக்குத் தாவக் கூடாது. இலை கறுப்பு நிறம் தராது; அரை மணியில் கரேலென்று பிடித்தால் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி ரசாயனம் கலந்திருக்கிறது என்று பொருள். கொப்புளம், தழும்பு தவிர, பிற்காலத்தில் தலைச்சாயமே ஒவ்வாமல் போகலாம். அதனால் கடைக் கோனை ஒதுக்கிவிட்டு, கொல்லையிலிருந்து பறித்த இலையை அக்கா அம்மியில் அரைத்தாள்.