பால்டர்ஸ் கேட் 3: படுத்தெழும்பப் பயப்பட வேண்டாம்

லேரியன் ஸ்டூடியோஸ் 2023இல் வெளியிட்ட இந்த ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கேமில் சண்டையைவிடக் குழப்பமானது தூக்கம். மண்டைக்குள் புழு இருக்கிறது, சில நாளில் அரக்கனாகிவிடுவாய் என்று கதை தொடக்கத்திலேயே வெருட்டுகிறது. அதை நம்பிப் பலர் படுக்காமலே ஓடுகிறார்கள். உண்மையில் புழுவுக்கு நாட்கணக்கே கிடையாது. இப்படி வீணாக வெருட்டுவதுதான் வடிவமைப்பின் பெரிய குறை.

லோங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம்) எடுத்தால் எச்பி என்ற உயிர்ப்புள்ளியும், மந்திரம் போடச் செலவாகும் ஸ்லொட்களும் முழுதாகத் திரும்பும். விலை 40 உணவுப்புள்ளி, டெக்டீஷியன் என்ற கடின நிலையில் 80. இறைச்சி, பழம், வைன் எல்லாம் கணக்கில் சேரும். பெட்டி, பீப்பாய்களைத் திறந்து பார்ப்பவருக்கு உணவு மிஞ்சும், விதைநெல் போலப் பொத்திவைக்கத் தேவையில்லை. சுமை கூடினால் முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் படுக்கலாம், பாதிதான் திரும்பும்.

ஷோர்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) ஒரு லோங் ரெஸ்ட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இரண்டு தரம். ஒவ்வொன்றும் உச்ச எச்பியில் பாதியைத் தரும். வோர்லொக் என்ற மந்திரவாதி வகையின் ஸ்லொட்கள் இதிலேயே நிரம்பும். ஆகவே வில் என்ற வோர்லொக் தோழனின் ஸ்லொட் நிரம்பும், கேல் என்ற விசார்ட் தோழனின் ஸ்லொட் நிரம்பாது. விசார்ட்டுக்கு ஆர்கேன் ரிகவரி என்ற ஸ்லொட் மீட்கும் திறன் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. அணியில் பார்ட் (பாணர் வகை) இருந்தால் மூன்றாவது ஷோர்ட் ரெஸ்ட்டும் கிடைக்கும்.

படுக்காதவருக்குத்தான் நட்டம். தோழர்களின் கதைக்காட்சிகள் பல முகாமில் இரவில்தான் வரும். ஒரே இரவில் எல்லாம் வராது, வரிசையில் நிற்கும். கதையின் ஓர் அங்கம் முடிந்தால் சில காட்சிகள் போனதுதான்.

அதற்காகக் கண்மூடிப் படுக்கவும் கூடாது. வொகீன்ஸ் ரெஸ்ட் விடுதி எரிவதைக் கண்டபின் படுத்தால் உள்ளே சிக்கியவர்கள் சாவார்கள். கிரிம்ஃபோர்ஜ் என்ற இடத்தில் விஷப்புகைக்குள் அகப்பட்ட நியர் என்ற பாத்திரமும் அப்படியே. இந்தக் கெடுவைக் கேம் தெளிவாகச் சொல்வதில்லை. ஆகவே படுக்குமுன் எஃப்5 அழுத்திச் சேவ் பண்ணுங்கள். எலிக்ஸர் என்ற பானத்தின் பலனும் மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரமும் விடிந்தால் இருக்காது. எலிக்ஸரைப் படுக்கப்போகும் நேரத்தில் குடிப்பது வீண்.

மட்டக்களப்பு, அம்பாறையில் வாங்க நினைப்போர் கவனிக்க: 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் வேண்டும், சின்ன டேட்டா பேக்கேஜ் தாங்காது. தமிழ் எழுத்தும் இல்லை, நீண்ட உரையாடல்களை ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும். நாலு பேர் வரை ஒன்லைனில் சேரலாம். ஆனால் லோங் ரெஸ்ட்டுக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். காத்தான்குடியில் இருப்பவர் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றால், அக்கரைப்பற்றில் இருப்பவர் எச்பி இல்லாமல் காத்திருக்க வேண்டியதுதான்.