பைன் தார்: பிடி பிரமாதம், காரில் ஏற்றாதீர்கள்

பேஸ்பாலில் மரப் பேட்டுக்கு மாறியிருக்கும் நண்பர் ஒருவர், "பைன் தார் வாங்கலாமா? டின்னா, குச்சியா?" என்று கேட்டிருக்கிறார். பேட் கையில் நழுவாமலிருக்கத் தடவுகிற பிசுபிசுப்புதான் இந்தத் தார். நேற்றுதான் காரின் பின்சீட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு வந்தேன். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே நியூ ஜெர்சியில் ஜூலைப் புழுக்கத்தில் உள்ளங்கை ஊற்றெடுக்கும். பேட் நழுவிவிடுமோ என்ற பயம் வந்தாலே கை தானாக இறுகும். கை இறுகினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு சுழலாது, பந்து பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சரிடம் போன பிறகுதான் பேட் வரும். தார் தடவிய பேட்டைத் தளர்வாகப் பிடித்தாலே போதும், அது எங்கும் போகாது. இந்த ஒரு விஷயத்தில் நான் சுற்றிப் பார்த்த எந்த கிரிப் டேப்பும் இதன் பக்கத்தில் நிற்கவில்லை. வாசனை வேறு! காற்றுப் புகாமல் பைன் மரத்தைச் சூடேற்றி வடிக்கிற சரக்கு, ஒரு காலத்தில் கப்பல் கயிறுகளுக்குப் பூசியது. அந்தப் புகைநெடி எனக்குப் பிடிக்கும். வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

குச்சி பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஏப்ரல் குளிரில் கல்லாகிவிடும், தேய்த்துத் தேய்த்துத் தோள்தான் வலிக்கும். டின்னில் இருப்பதைத் துணியில் ஊற்றி, கைப்பிடிக்குச் சற்று மேலே சூடுபறக்கத் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கிளவுஸால் அங்கே தொட்டுக்கொள்ளலாம். பேட்டின் அடிமுனையிலிருந்து 18 இன்ச்சைத் தாண்டக் கூடாது என்பது விதி.

அந்த 18 இன்ச்சுக்காக ஒரு பெரிய கூத்தே நடந்தது. 1983 ஜூலை 24, நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கீ ஸ்டேடியம். எதிரணியான கான்சாஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை 5–4 என்று முன்னே கொண்டுபோனார். யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் பேட்டைச் சோதிக்கச் சொன்னார். பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் 17 இன்ச் அகல ஹோம் பிளேட்டையே அளவுகோலாக்கி, அதன் மேல் பேட்டை வைத்து அளந்த அம்பயர்கள், தார் வரம்பைத் தாண்டிவிட்டது என்று அவுட் கொடுக்க, பிரெட் பாய்ந்து வந்த வேகத்தில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. லீகின் தலைவர் லீ மெக்ஃபெயில் அந்த முடிவை ரத்து செய்தார். மிச்ச ஆட்டத்தை ஆகஸ்ட் 18 அன்று ஆடி கான்சாஸ் சிட்டியே ஜெயித்தது. அதுதான் நியாயம். தார் தடவினால் பந்து கூடுதல் தூரம் பறக்காது. பந்தில் கறைபட்டு ஆட்டத்துக்கு உதவாமல் போகிறது என்பதற்காக வந்த விதி அது. பந்துக்குக் கவலைப்பட்டவர்கள் கார் சீட்டுக்கும் ஒரு விதி போட்டிருக்கலாம்.

ஏனென்றால் இந்தத் தார் பேட்டில் தங்குவதில்லை. கிளவுஸ், ஹெல்மெட், பை ஜிப், போன், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக ஊர்ந்துகொண்டே போகும். சோப்பும் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பலாப்பழம் அரிந்த கைக்குச் செய்வதுபோல முதலில் எண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகு சோப்பு போட வேண்டும். சில நாள் நான் பந்தும் வீசுவேன். ஆனால் விதிப்படி, பந்து வீசும் பிட்சருக்குத் தார் ஆகாது. 2014இல் யாங்கீஸ் பிட்சர் மைக்கேல் பினேடா கழுத்தில் தடவிக்கொண்டு வந்து வெளியேற்றப்பட்டு, 10 ஆட்டத் தடையும் வாங்கினார். அதனால் இன்னிங்ஸ் மாறும்போதெல்லாம் நான் எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

துணியில் பட்டால் இன்னும் மோசம். ரப்பிங் ஆல்கஹாலால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். கார் சீட்டுக்கு அதுவும் பலிக்கவில்லை. சுத்தம் செய்பவர் பல டின்களின் விலையைச் சொல்லிவிட்டு, "நிழல் மாதிரி கொஞ்சம் தெரியும்" என்று வேறு சொன்னார்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். டேப் சுற்றிக்கொண்டு நிம்மதியாக ஆடுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் டின். என்னிடம் பாதி டின் மிச்சம் இருக்கிறது. அதை மட்டும் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது.